பாகாலாவுக்கு அறுபது நிமிடம்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என்னை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. நானாகத்தான் வெளியே வந்தேன்.

இதை எழுதக் காரணம், திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அண்மையில் நான் சந்தித்த இரண்டு பேர். நான் இருந்த கம்பெனியில் எனக்குப் பிறகு சேர்ந்தவர்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணா, நீங்க பாஸ்வேர்டைத் திருடி ஒன்பது சென்டரையும் நிறுத்திட்டீங்கன்னு சொல்லிக்கினு இருக்காங்க. நெஜமா?"

நான் எதையும் திருடவில்லை. எதையும் நிறுத்தவும் இல்லை. செய்ததைச் செய்தேன் என்று அன்றே என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தக் காகிதம் இருக்கும் அலமாரியை யாரும் திறக்கப் போவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். முப்பத்தைந்து வயதில் பழைய வேலையின் நினைவுகளை எழுதுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நான் பார்த்த அந்த வேலையே இன்று இல்லை. ஒன்பது ஊர்களில் இருந்த ஒன்பது சர்வர்களையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லாம் இப்போது பெங்களூரிலிருந்து நடக்கிறதாம்.

எங்கள் ஊர் ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா, அதாவது என் அப்பா, அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். பிறகு அரை ஏக்கர் கிடைத்தது. அதற்கான விண்ணப்பம் மண்டல ஆபீசிலிருந்து மூன்று முறை திரும்பி வந்தது. ஏதோ ஒரு கட்டம் காலியாக இருந்ததாம். ஒவ்வொரு முறையும் நைனாவுக்கு ஒரு நாள் வேலை போனது. நான்காவது முறை, எட்டாம் வகுப்பில் இருந்த நான் அந்தத் தெலுங்கு விண்ணப்பத்தை நிரப்பினேன். ஒரு கட்டத்தையும் விடவில்லை. பொருந்தாத இடத்தில் 'லேது', இல்லை, என்று எழுதினேன். வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து காலிக் கட்டத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

சித்தூரில் டிப்ளமோ. அதன் பிறகு இரண்டு வருடம் ஏணியில் ஏறி கேபிள் இழுத்தேன். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகுதான் திருப்பதியைத் தலைமை இடமாகக் கொண்ட ஒரு டயாலிசிஸ் கம்பெனியில் சர்வர் பார்க்கும் வேலை கிடைத்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து, நாலு மணி நேரம் மெஷினோடு உட்கார்ந்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டு போகும் இடம். திருப்பதி, சித்தூர், பாகாலா என்று ஒன்பது சென்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன சர்வர். திருப்பதியில் தலைமை சர்வர்.

சர்வர் என்றால் புரியாதவர்களுக்கு இவ்வளவு போதும். ஒவ்வொரு சென்டர் சர்வரிலும் நாற்பது வரிகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கும். திரை எத்தனை நிமிடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும், பதிவுகளின் காப்பு நகல் எங்கே போய்ச் சேர வேண்டும், வராத நோயாளிக்காக எத்தனை நிமிடம் சீட்டை வைத்திருக்க வேண்டும், இப்படி. ஒரு வரியைக் காலியாக விட்டால், அந்தச் சென்டர் தலைமை சர்வரில் இருக்கும் மதிப்பை எடுத்துக்கொள்ளும். அதைத்தான் டீஃபால்ட் என்போம். வரியில் நாம் எதையாவது எழுதிவிட்டால், தலைமை சொல்வதை அது கேட்காது, எழுதியபடியே நடக்கும். மெஸ்ஸில் எல்லோருக்கும் ஒரே குழம்புதான். 'எனக்குக் காரம் வேண்டாம்' என்று சொன்னவனுக்கு மட்டும் தனி. அதுபோல.

எங்கள் மேலாளர் பிரசாத் சார். தெலுங்குக்காரர்; தமிழும் நன்றாகப் பேசுவார். தலைமை சர்வரில் ஒரு எண்ணை மாற்றினால் ஒன்பது ஊரும் மாறும் என்பதால், அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பச்சை அட்டை ரிஜிஸ்டர் ஒவ்வொரு சென்டரிலும் இருக்கும். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம், ஆள், நேரம் ஆகியவற்றைப் பேனாவால் எழுத வேண்டும். எழுதியதை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவர் ரிஜிஸ்டரைப் பார்க்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் என்டர் தட்டலாம். அந்த நேரத்தில் பிரசாத் சார் உட்கார மாட்டார். நம் நாற்காலிக்குப் பின்னால் நின்று, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு எண் பிசகினால் கண் திறக்கும். திட்ட மாட்டார். "மள்ளி" என்பார். மறுபடியும் முதலிலிருந்து. ஒரே எண்ணை நான்கு முறை படித்திருக்கிறேன். அந்த முறையை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இன்றும் சொல்ல மாட்டேன்.

பாகாலா சர்வரை அமைத்தது நான். புது வேலைக்காரன், தனியாகப் போயிருந்தேன். திரையில் நாற்பது காலிக் கட்டங்கள். விடுவேனா? தலைமை சர்வரில் இருந்த மதிப்பை ஒவ்வொன்றாகப் பார்த்து நாற்பதையும் நிரப்பிவிட்டு, திருத்தமாக வேலை முடித்தேன் என்ற நிறைவோடு திருப்பதிக்கு ரயிலேறினேன்.

சில மாதங்கள் கழித்து, நகல்கள் போய்ச் சேரும் இடத்தைத் தலைமையில் மாற்றினார்கள். எட்டு சென்டர்கள் மாறின. பாகாலா மட்டும் பழைய இடத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கே வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. மூன்று வாரம் அந்தச் சென்டருக்கு நகலே இல்லை. சர்வரின் டிஸ்க் கெட்டுப்போயிருந்தால் அத்தனை பேருடைய சிகிச்சைக் கணக்கும் போயிருக்கும். பிரசாத் சார் என்னைக் கூப்பிட்டு, இது யார் நிரப்பியது என்று கேட்டார். நான்தான் என்றேன். ஏன் என்றார். காலியாக இருந்தது என்றேன். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் தெலுங்கில், 'பாவம், காலியாக விட்டால் மார்க் குறைப்பார்கள் என்று நினைத்துவிட்டான்' என்றார். காது சுட்டது. தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் காலிக் கட்டத்தால் நிலம் கிடைக்காமல் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மேலே இருப்பவன் நமக்கும் சேர்த்து யோசிப்பான் என்ற நம்பிக்கை உள்ளவன்தான் கட்டத்தைக் காலியாக விட முடியும்.

எல்லா வரிகளையும் அழித்துவிட்டு வா என்று பாகாலாவுக்கு அனுப்பினார். அங்கே டயாலிசிஸ் டெக்னீஷியன் கலா அக்கா. நகரியில் தறி நெய்யும் குடும்பத்துப் பெண். நான் வரி வரியாக அழித்துக்கொண்டே வந்து, 'சீட் வைத்திருக்கும் நேரம்: 60' என்ற இடத்துக்கு வந்தேன். திருப்பதியில் காத்திருப்போர் அதிகமாகிவிட்டதால் தலைமையில் அதை இருபதாகக் குறைத்திருந்தார்கள். பாகாலாவில் நான் நிரப்பிய பழைய அறுபதே நின்றிருந்தது. இதை அழித்தால் இருபதாகிவிடும், சரிதானே என்று அக்காவைக் கேட்டேன்.

"வோணாம் சேகரு, அத்த மட்டும் தொடாத," என்றார். "நம்ம ஆளுங்க பாதிப் பேரு பாசஞ்சர்ல வராங்க. அந்த வண்டி எத்தன மணிக்கு வரும்னு அந்த வண்டிக்கே தெரியாது."

முப்பத்தொன்பது வரிகளை அழித்தேன். ஒன்றை விட்டேன். ரிஜிஸ்டரில் காரணம் என்ற இடத்தில் 'ரயில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திருப்பதி திரும்பி பிரசாத் சாரிடமும் சொன்னேன். சரி, இருக்கட்டும் என்றார். அந்த அறுபது ஏழு வருடம் இருந்தது.

பிறகு தரச் சான்றிதழ் வாங்கும் பேச்சு வந்தது. வெளியிலிருந்து ஆட்கள் வந்து சோதித்துச் சான்று தருவார்கள். அது இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிகள் எங்களோடு சேரும். அவர்கள் கேட்ட அறிக்கையில் ஒரு கேள்வி: டீஃபால்ட்டிலிருந்து விலகிய வரிகள் எத்தனை? பதில் ஒன்று. பாகாலா. நிர்வாகத்துக்கு அது பூஜ்யமாக வேண்டும்.

பிரசாத் சார் என்னை உட்காரச் சொல்லித்தான் பேசினார். "அந்தரிக்கி ஒகடே ரூல், சேகர். எல்லாருக்கும் ஒண்ணுதான். திருப்பதியில இருபது, பாகாலாவுல அறுபதுன்னா, திருப்பதி பேஷண்ட் வந்து ஏன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"எல்லாருக்கும் ஒரே ரூல் சரி சார். எல்லாருக்கும் ஒரே ரயில் இல்லியே," என்றேன்.

ரயிலில் வருபவர்களுக்கு மதியத்தில் சீட் கொடுக்கலாமே என்று பார்த்தோம். மதியம் நிரம்பியிருந்தது, மாலையில் முடித்தால் அவர்கள் ஊர் திரும்ப வண்டியில்லை. அந்த வாரமே தலைமையிலிருந்து ஒரே கட்டளையில் ஒன்பது சர்வர்களின் சொந்த வரிகளையும் அழித்து, இனி யாரும் தனியாக எழுத முடியாதபடி பூட்டினார்கள். அழித்தது நானில்லை. என்னைக் கேட்கவும் இல்லை.

முனுசாமி என்று ஒருவர். சித்தூருக்குத் தெற்கே எல்லையோரக் கிராமம். கூலி வேலை பார்த்தவர். என் நைனாவைவிடக் கொஞ்சம் சின்னவர். சித்தூர் சென்டரில் இடமில்லாததால் திங்களும் வியாழனும் காலை எட்டு மணிக்குப் பாகாலாவில் அவருக்குச் சீட். பூட்டிய பிறகு வந்த முதல் வியாழக்கிழமை, ரயில் தாமதமாகி எட்டு இருபத்தெட்டுக்கு வந்தார். எட்டு இருபதுக்கே சர்வர் அவர் சீட்டைக் காத்திருப்போரில் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டது. கலா அக்காவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தெரிந்தவர்களுக்குச் சீட் தருகிறார்கள் என்று முன்பு புகார் வந்ததால், சர்வர் தரும் டோக்கன் இல்லாமல் ஸ்டோரிலிருந்து டயாலிசிஸுக்கான கிட் வராது என்று வைத்திருந்தார்கள். மூச்சு முட்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஒரு காகிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம்.

கலா அக்கா எனக்குப் போன் செய்தார். நான் பிரசாத் சாரிடம் போனேன். சோதனைக்காரர்கள் புதன்கிழமை போய்விடுவார்கள், அதுவரை பொறு என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் புதனுக்கு முன்னால் ஒரு திங்கள் இருந்தது. திங்களும் தவறினால், வியாழன் வருவதற்குள் முனுசாமிக்குக் கடைசி டயாலிசிஸ் நடந்து பத்து நாளாகிவிடும். அவருக்கு அத்தனை நாள் கிடையாது என்று கலா அக்கா சொல்லியிருந்தார். அதை அவர் சொன்ன குரலில் சந்தேகம் இல்லை.

திங்கட்கிழமை யுபிஎஸ் பார்க்கப் போகிறேன் என்று எழுதி வைத்துவிட்டுப் பாகாலாவுக்குப் போனேன். எட்டு மணி. அவர் வரவில்லை. எட்டு ஐந்துக்கு அக்கா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"எங்க இருக்கற முனுசாமி?"

"வண்டி நின்னுக்கினு கீதும்மா. எதுக்குன்னு தெர்ல." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். "கடல விக்கிறவன்கூட எறங்கி நடந்து பூட்டான். நானும் நடக்கட்டுமா?"

"நடக்காத. உக்காந்துக்கினே வா," என்று அக்கா போனை வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "வந்துட்டாருன்னு நான் டிக் போட்டுடறேன். யாரு பாக்கப் போறாங்க," என்றார்.

போட்டிருக்கலாம். பிறகு யாராவது பார்த்தால் வராத நோயாளியை வந்ததாகக் காட்டிய டெக்னீஷியன் என்று அவர் சான்றிதழே போகும். அதைவிட, அது பொய். எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பொய்யின் சந்தில்தான் உள்ளே வர வேண்டுமா என்று எனக்குக் கோபம் வந்தது. "உன் பேர்ல பொய் வோணாம்க்கா," என்றேன். "என் பேர்ல நெஜத்தையே எழுதலாம்."

பாகாலா வரி பூட்டியிருந்தது. ஆனால் தலைமை சர்வரின் டீஃபால்ட்டை மாற்றும் உரிமை என் வேலையோடு எனக்குக் கொடுக்கப்பட்டது. அந்தப் பாஸ்வேர்ட் என்னுடையது. அதை மாற்றினால் ஒன்பது ஊரும் மாறும். அது தெரியாமல் இல்லை. ரிஜிஸ்டரைத் திறந்தேன். பழைய மதிப்பு இருபது. புதிய மதிப்பு அறுபது. காரணம்: பாகாலா நோயாளி முனுசாமி ரயிலில் இருக்கிறார். ஆள்: சேகர். நேரம் எட்டு பதினைந்து. உரக்கப் படித்தேன். கலா அக்கா, சுவரைப் பார்த்தபடி, ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார். எட்டு பதினேழுக்கு என்டர் தட்டினேன்.

அடுத்த நிமிடமே பிரசாத் சாருக்குப் போன் செய்து சொன்னேன். முன்கூட்டி ஏன் கேட்கவில்லை என்றார்.

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க சார். நீங்க சொன்ன பிறகு செஞ்சா அது வேற தப்பு."

"ஒரு ஆளுக்காக ஒன்பது சென்டரை மாத்தியிருக்க."

"ஒரு வரியிலயே முடிஞ்சிருக்கும் சார். அந்தச் சின்னக் கதவைப் பூட்டினது நீங்க. பெரிய கதவுதான் மிச்சம் இருந்துச்சு."

எட்டு நாற்பத்தொன்றுக்கு முனுசாமி வந்தார். முகம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது. கையில் சோற்று டப்பா இருந்த பை. வாசலிலேயே நின்று, "சீட் கீதா?" என்று கேட்டார். "கீது, வந்து உக்காரு," என்று அக்கா எடைப் பலகையைக் காட்டினார். அவர் வந்ததைப் பதிந்ததும், நான் அதே ரிஜிஸ்டரில், அதே முறையில், அறுபதை மறுபடி இருபதாக்கினேன்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் திருப்பதியில் இரண்டு சீட்கள் ஆளில்லாமல் கிடந்தன. அதில் ஒன்றுக்காகக் காத்திருந்த ஒரு வயதான அம்மா, திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தவர், வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. மறுநாள் அவர் வீட்டைத் தேடிப்போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "கால் மணி நேரத்துக்கா வந்தே நாயனா," என்று மோர் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்த ஒரே ஆள் அவர்தான். கேட்டுவிட்டேன்.

நிர்வாகத்துக்கு அது போதவில்லை. சோதனைக்காரர்களின் கண்ணில் அந்த மாற்றம் பட்டுவிட்டது, சான்றிதழ் தள்ளிப்போனது. திருப்பதியில் மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். பிரசாத் சார் ஓரமாக இருந்தார். ஒரு கடிதம் தயாராக இருந்தது. 'அனுபவக் குறைவால், தவறுதலாக, தலைமை மதிப்பை மாற்றிவிட்டேன், வருந்துகிறேன்.' இதில் கையெழுத்துப் போட்டால் விஷயம் இத்தோடு முடியும் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நகல் விஷயத்தில் நான் உண்மையிலேயே தவறினேன், அப்போது ஒப்புக்கொண்டேன். இது தவறியது இல்லை. 'தவறுதலாக' என்பதை அடித்துவிட்டு மேலே 'தெரிந்தே' என்று எழுதினேன். 'அனுபவக் குறைவால்' என்பதை அடித்தேன். 'வருந்துகிறேன்' என்பதையும் அடித்தேன். மிச்சமிருந்ததற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அதில் ஒருவர், உங்கள் வீட்டில் படித்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கலந்து பேசிவிட்டு வாருங்கள் என்றார். நான்தான் அந்த ஆள், பேசிவிட்டேன் என்றேன்.

பாஸ்வேர்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. சீட் வைத்திருக்கும் நேரத்தை மட்டும் சென்டர்கள் தனியாக வைத்துக்கொள்ளலாம், பாகாலாவுக்கு அறுபது. பிரசாத் சார் கையெழுத்து. என் பெயர் எங்கும் இல்லை. அவர் எனக்காக நிர்வாகத்திடம் சண்டை போட்டாரா, தனக்கே தோன்றிச் செய்தாரா, தெரியாது. கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பாஸ்வேர்ட் இல்லாத சர்வர் ஆள் கேபிள் தூக்குகிறவன்தான். ஏணியில் ஏறுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் என்னைத் திருத்துவதற்காக ஏற்றிய ஏணியில் நான் எத்தனை நாள் நிற்பது? ஐந்து மாதம் கழித்து ராஜினாமா எழுதினேன். இப்போது நகரியில் கேமராவும் இன்வெர்ட்டரும் மாட்டிக் கொடுக்கிறேன். நன்றாகவே இருக்கிறேன்.

ராஜினாமா கொடுத்த வாரம், பழுதான ஒரு கேபிளை மாற்றப் பாகாலாவுக்குப் போனேன். திங்கட்கிழமை. முனுசாமி சாய்வு நாற்காலியில் இருந்தார். கையிலிருந்து இரண்டு குழாய்கள் மெஷினுக்குப் போயின. கலா அக்கா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"எனக்கோசரம் வேலைய வுட்டுட்டியாமே சார். நான் உன்ன எதுவும் கேக்கவே இல்லியே."

"நீங்க கேக்க வேண்டியதில்ல," என்றேன். "அது உங்க சீட்டு."

அவர் மெஷினையும் குழாயையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்டின்னா சரி," என்று கண்ணை மூடிக்கொண்டார்.